நாலாவது டிராக்

ஒரு குற்ற ஒப்புதலோட ஆரம்பிக்கிறேன். போன வருஷம் இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் கையில் வந்ததும் நான் செய்த முதல் காரியம், வெளிநாட்டு ராக் பேண்ட் ஒன்றின் கேசட்டை ஆர்டர் செய்தது. மொத்தம் நூறு பிரதிதான் போட்டிருந்தார்கள். கேசட் விலையைவிட தபால் செலவு அதிகம். வந்தது, பிரித்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்தேன், ஸ்டோரி போட்டேன். நிறைய பேர் ஹார்ட் விட்டார்கள். ஆனா அந்தக் கேசட்டைப் போட்டுக் கேக்க எங்க வீட்டில் ஒரு பெட்டியும் கிடையாது.

சிரிக்காதீங்க. உங்க ஹாஸ்டல் ரூமையும் ஒரு தடவை பாத்துக்கோங்க. எனக்கு எதிர் ரூம்காரன் ரெண்டு வினைல் ரெக்கார்டை சுவரில் மாட்டி வைத்திருக்கிறான், பிளேயர் இல்லை. ஜூனியர் ஒருத்தனுக்கு மினிடிஸ்க் பைத்தியம். 1992ல் சோனி கொண்டுவந்த சாதனம் அது. 2013ல் பிளேயர் அனுப்புவதை நிறுத்தினார்கள், 2025 பிப்ரவரியில் வெற்று டிஸ்க் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள். செத்துப்போன ஃபார்மட் என்றால் அவனுக்கு ஒரு தனி மரியாதை. "அரிய பொருள் ப்ரோ" என்பான். எனக்கும் அந்த வியாதி இருந்தது, இப்பவும் கொஞ்சம் இருக்கிறது. எந்தப் பொருள் அரிது, எது சும்மா விலை கூடினது என்பதில் மட்டும் என் அபிப்பிராயம் இந்த ஒரு வருஷத்தில் மாறிவிட்டது. அது எப்படி என்று சொல்கிறேன். (என் தமிழ் இங்கிலீஷ் மீடியம் தமிழ். பிழை இருந்தா எடிட்டர் குழுவைத் திட்டுங்க.)

தக்கலையில் என் மாமா இருக்கிறார், அம்மாவுக்குத் தம்பி. சார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்து திரும்பி வந்தவர். அவர் வீட்டில் டபுள் டெக் பிளேயர் ஒன்று இருப்பது ஞாபகம் வந்து, கேசட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விலையைக் கேட்டார், சொன்னேன்.

"லேய், இது கேக்கதுக்கா வாங்கின, பாக்கதுக்கா?"

பதில் சொல்ல முடியவில்லை.

பரணில் இருந்து டெக் இறங்கியது. அதோடு ஒரு பழைய பிஸ்கட் டின்னும் இறங்கியது, உள்ளே முப்பது நாப்பது கேசட். நம்ம வயசுக்காரங்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்ததாம். பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபதோ தொண்ணூறோ, வெற்று கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். பிளேலிஸ்ட் என்று நாம் நினைக்கிறதெல்லாம் அப்பவே வால் பேப்பரில் எழுதி, காசு கொடுத்து, மூணு நாள் காத்திருந்து வாங்கிய சங்கதி. டின்னில் பாதி அப்படிப்பட்டவை. மிச்சத்தில் சர்ச் கொயர் பாட்டு கொஞ்சம், ஏதோ ஒரு கோயில் கொடையில் மைக் பக்கத்தில் வைத்துப் பிடித்த வில்லுப்பாட்டு மூணு கேசட். எல்லாத்துக்கும் அடியில் ஒரு டிடிகே. மேலே பால்பாயின்ட் பேனாவில் '4' என்று மட்டும் எழுதியிருந்தது.

அதைப் போட்டேன். சைடு ஏ-யில் யாரோ கிணத்துக்குள்ளிருந்து குடத்தை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம், கூடவே எருமை முனகுகிற மாதிரி ஒரு கிட்டார். சைடு பி இன்னும் மோசம். ஒரு ஆண் குரல், மெதுவாக, பின்னோக்கி. எந்தச் சொல்லும் பிடிபடவில்லை. பக்கத்து அறையில் இருந்த அத்தை எட்டிப் பார்த்து, "அதை நிறுத்து மக்கா, ராத்திரி நேரம்" என்றாள்.

டேப் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். மாமா மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கெடல. அது ஃபோர் டிராக் ஆக்கும்."

இங்கே கொஞ்சம் தியரி. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்க ஸ்கிப் பண்ணிக்கலாம், மெக்கானிக்கல் படிக்கிறவங்க தயவுசெய்து படிங்க. 1963ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய சாதாரண கேசட்டில் டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர். ஸ்டீரியோ கேசட் என்றால் அந்த அகலத்துக்குள் நாலு இணைகோடுகள்: சைடு ஏ-க்கு ரெண்டு, திருப்பிப் போட்டால் சைடு பி-க்கு ரெண்டு. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். 1979ல் டியாக் கம்பெனி ஒரு வேலை செய்தது. போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற மெஷினில் நாலு கோட்டையும் ஒரே திசையில் எழுத வைத்தது, வேகத்தையும் ரெண்டு மடங்காக்கியது. இப்போ சைடு என்ற கணக்கே கிடையாது. ஒரு கோட்டில் டிரம்ஸ், அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கோட்டில் கிட்டார், மூணாவதில் இன்னொரு கிட்டார், நாலாவதில் குரல். வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரே ஆள் ஒரு பேண்டாகப் பதியலாம். பிறகு வேறு கம்பெனிகளும் இதே மாதிரி மெஷின்கள் செய்தன. அப்படிப் பதிந்ததைச் சாதாரண டெக்கில் போட்டால் என்ன ஆகும்? ரெண்டு டிராக் பாதி வேகத்தில் ஓடும். திருப்பிப் போட்டால் மற்ற ரெண்டும் பாதி வேகத்தில், பின்னோக்கி ஓடும். அத்தைக்குப் பேயாகக் கேட்டது இதுதான்.

ராக் கேக்கிறவங்களுக்கு இந்த மெஷின் புதுசில்லை. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் தன் வீட்டில் இப்படி ஒரு போர்ட்டாஸ்டுடியோவில் டெமோவாகப் பதிந்த பாட்டுகள்தான் அதே வருஷம் 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வந்தது. பேண்டோடு ஸ்டுடியோவில் திரும்ப வாசித்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை, கேசட்டையே வெளியிட்டுவிட்டார்கள். மெட்டாலிகாவின் முதல் ஆல்பத்துக்கு முன்னாலேயே, 1982ல், 'நோ லைஃப் டில் லெதர்' என்ற டெமோ கேசட் ரசிகர்கள் கையில் நகல் நகலாகப் பரவியது. இதைவிட எனக்குப் பிடித்தது சோவியத் கதை. தடை செய்யப்பட்ட மேற்கத்திய இசையை ஆஸ்பத்திரி குப்பையில் கிடந்த எக்ஸ்ரே படத்தில் வெட்டிப் பதிந்து விற்றார்கள். யாரோ ஒருவருடைய விலா எலும்பின் மேல் ராக் அண்ட் ரோல் சுற்றும். இவர்கள் யாரும் அரிய ஃபார்மட் வேண்டும் என்று தேடிப் போனவர்கள் இல்லை. கையில் கிடைத்தது அதுதான், அவ்வளவுதான்.

மாமா கதையும் அப்படித்தான். சார்ஜாவில் ஒரு ஃபிலிப்பினோ நண்பரிடம் செகண்ட் ஹாண்டில் ஃபோர் டிராக் மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறார். 1996ல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தார். ஊரில் அவருக்கு ரெண்டு கூட்டாளிகள். சர்ச் கொயரில் கிட்டார் வாசித்தவர் ஒருத்தர், பாடுகிறவர் ஒருத்தர். டிரம் கிட் யாரிடமும் இல்லை, வாடகைக்கு எடுக்கக் காசும் இல்லை. வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிற தெரிந்தவர் ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வில்லுப்பாட்டில் வில், வீசுகோல், உடுக்கு எல்லாம் இருந்தாலும் அடிச்சத்தம் குடத்திலிருந்துதான் வரும். உள்ளே அடைந்த காற்று, குறுகிய வாய். முதல் வருஷம் ஃபிசிக்ஸில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர் என்று படித்துவிட்டு மறந்தோமே, அதேதான். அதுதான் அவர்களுக்குக் கிக் டிரம்.

லீவு முடிவதற்குள் ஒரு பாட்டு பதிந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மிக்ஸ் பண்ணலாம் என்று திட்டம். லீவு முடிந்தது. மெஷின் திரும்பவும் சார்ஜா போய், அங்கேயே விலை போனது. கேசட் பிஸ்கட் டின்னுக்குள் போனது.

அடுத்து நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும். டெக்கில் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. நாகர்கோவிலில் ஒரு பழைய ரிப்பேர் கடையில் மாற்றினேன். டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். வருஷத்தில் ரெண்டு பருவமழை வாங்குகிற மாவட்டம் நம்முடையது, பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். அதைத் துடைத்து, ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்தேன். ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், அதைக் கால் சுற்று திருப்பினால் மூடிக் கிடந்த சத்தம் திடீரென்று திறக்கும். பதிந்த மெஷினின் ஹெட் சாய்வோடு இந்த ஹெட்டின் சாய்வு ஒத்துப்போகும் இடம் அது. காதை வைத்துத்தான் தேட வேண்டும். பிறகு ரெண்டு சைடையும் 96 கிலோஹெர்ட்ஸில் லேப்டாப்பில் ஏற்றி, ஆடாசிட்டியில் வேகத்தை ரெண்டு மடங்காக்கி, சைடு பி-யை மட்டும் பின்னோக்கித் திருப்பினேன். நாலு டிராக் கிடைத்தது. ஆனா ஒன்றோடு ஒன்று சேரவில்லை. டெக் மோட்டார் ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் ஓடாது. நாலரை நிமிஷப் பாட்டின் முடிவில் குடம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். துண்டு துண்டாக வெட்டி நகர்த்திச் சேர்க்க ரெண்டு ராத்திரி ஆனது. கேட் தேர்வுக்குப் படிக்க வேண்டிய ராத்திரிகள். வருத்தம் இல்லை.

பாட்டு எப்படி? உண்மையைச் சொல்லணும் என்றால் முதல் ஒரு நிமிஷம் சுமார். கிட்டார் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு. வடசேரியில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தன் தக்கலைக்கு நடந்தே வருகிற பாட்டு. பார்வதிபுரம் தாண்டி, வில்லுக்குறி தாண்டி, வழியில் பார்க்கிறதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான். ரெண்டாவது நிமிஷத்தில் கிட்டார் டிஸ்டார்ஷனுக்குப் போகும்போது குடம் வேகம் பிடிக்கும் பாருங்க, கொடையில் சாமி வருகிற நேரத்து அடி. எனக்கு அந்த இடத்தில் ரோமம் நின்றது. இப்படி ஒரு சத்தத்தை நான் எந்த ஆப்பிலும் கேட்டதில்லை.

இனி என் வாதம். தமிழில் சுயாதீன ராக் என்றால் நாம் எங்கிருந்து ஆரம்பிக்கிறோம்? கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்த 'குரங்கன்', 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', இப்படித்தானே? கொஞ்சம் பின்னால் போனால் ரஹ்மான் படத்துக்கு வருவதற்கு முன் வாசித்த சென்னை ராக் குழு 'நெமிசிஸ் அவென்யூ' என்று சொல்வோம். பக்கத்து ஊர் திருவனந்தபுரத்து 'அவியல்' 2008ல் முதல் ஆல்பம் போட்டு, மலையாளத்தில் ராக் பாடலாம் என்று காட்டினார்கள். (நம்ம ஊரில் அவியலுக்குத் தேங்காய் எப்போது போடுவது என்று சண்டை நடக்கும்; அவங்க அந்தப் பேரை வைத்து உலகம் சுற்றிவிட்டார்கள்.) இவையெல்லாம் முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனா இந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் வெளியானவை, அல்லது பிரபலமான ஒருத்தர் சம்பந்தப்பட்டவை. வெளியாகாதது பட்டியலில் வராது. என் மாமாதான் முதலில் செய்தார் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது, அவருக்கே சிரிப்பு வரும். மார்த்தாண்டத்திலோ தூத்துக்குடியிலோ இதே மாதிரி எத்தனை டின் பரணில் இருக்கோ என்றுதான் கேக்கிறேன். வெளியீட்டை மட்டும் வைத்து எழுதுகிற வரலாறு, பஸ் பிடித்து ஸ்டுடியோவுக்குப் போக முடிந்தவர்களின் வரலாறு.

"அதான் இப்போ எல்லாரும் நேரா அப்லோடு பண்ணிடுறோமே" என்பீங்க. நம்ம காலேஜ் பேண்டுகளும் அப்படித்தான். விநியோகத் தளத்துக்கு வருஷச் சந்தா கட்டினால் பாட்டு எல்லா ஆப்பிலும் வந்துவிடும். சில தளங்களில் சந்தாவை நிறுத்தினால் பாட்டும் இறங்கிவிடும், விதிமுறையைப் படித்துப் பாருங்க. 2024ல் விங்க் மியூசிக்கை மூடியபோது எத்தனை பேர் பிளேலிஸ்ட் போனது? மைஸ்பேஸ் சர்வர் மாற்றும்போது பன்னிரண்டு வருஷமாகச் சேர்ந்த பாட்டுகள் அழிந்துபோனது 2019ல் வெளியே தெரிந்தது. 5 கோடிக்கும் மேல் என்று அப்போது செய்தி வந்தது. பெரும்பாலும் சின்ன பேண்டுகள். அதில் 4,90,000 பாட்டுகள் மட்டும் பிறகு கிடைத்தன, எப்படித் தெரியுமா? ஆராய்ச்சிக்காக யாரோ முன்பே நகல் எடுத்து வைத்திருந்தார்கள். கம்பெனி காப்பாற்றவில்லை. நகல் வைத்திருந்த ஆள் காப்பாற்றினார். நம்ம மொபைல் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்களே, அதையும் பத்திரம் என்று நம்பி டிராயரில் போட்டு மறக்காதீங்க. மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் ஃபிளாஷில் இருக்கும் சார்ஜ் கசியும். மாமாவின் கேசட் கிட்டத்தட்ட முப்பது வருஷம் தாங்கியது. என் ஸ்கூல் கால மெமரி கார்டு ஆறு வருஷத்தில் செத்தது.

அதனால கேசட்தான் உசத்தி என்று சொல்கிறேனா? இல்லை. நூறு பிரதி கேசட்டை நான் வாங்கினேனே, அதில் உள்ள பாட்டு டிஜிட்டலாகவும் கிடைக்கிறது. கேசட் உடைந்தால் என் காசு போகும், பாட்டு போகாது. '4' என்று எழுதிய டிடிகே உடைந்திருந்தால் உலகத்தில் அந்தப் பாட்டே கிடையாது. அந்த வில்லுப்பாட்டு மூணு கேசட்டும் அப்படித்தான். பாடினவர் யார் என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இதைத்தான் அரிய பொருள் என்று சொல்லணும். மினிடிஸ்க் தம்பி கோவப்படக் கூடாது.

2023ல் பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' வந்தபோது நாம எல்லாரும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் கேட்டோம், ஞாபகம் இருக்கா? ஜான் லெனன் எழுபதுகளின் இறுதியில் வீட்டில் பதிந்த கேசட் அது. பியானோவும் குரலும் ஒன்றாகக் கலந்து கிடந்ததால் 1995ல் முயன்று கைவிட்டார்கள். மெஷின் லேர்னிங் வந்த பிறகுதான் குரலைத் தனியாகப் பிரிக்க முடிந்தது. அன்றைக்கு எனக்கு அது ஒரு டெக்னிக்கல் சமாச்சாரம் மட்டும்தான்.

மாமா பாட்டில் பாடியவர் 2021 மே மாதம், கொரோனா ரெண்டாவது அலையில் போய்விட்டார். பாட்டைச் சேர்த்து முடித்த கையோடு யூடியூபில் போடலாம் என்று நான் குதித்தேன். தம்ப்நெயில்கூட செய்துவிட்டேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் கிட்ட கேக்க முடியாதுலா. அவன் வீட்ல கேக்கணும்." எனக்குக் கோவம் வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தது வெளியே வர வேண்டாமா என்று வாதாடினேன். இப்போ யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. கஷ்டப்பட்டு எடுத்தது நான், பாடினது நான் இல்லை.

ரெண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனோம். அவர் மனைவியும் பிளஸ் டூ படிக்கிற மகளும் இருந்தார்கள். லேப்டாப்பில் போட்டோம். அந்த அக்கா பாட்டு முடியும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சர்ச்சில் பாடுவார் என்று தெரியும், இப்படிப் பாடியது தெரியாது என்றார். ஊரறியப் போடுவதைப் பற்றிக் கேட்டேன். "யோசிச்சு சொல்லுதேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை, நானும் திரும்பக் கேக்கவில்லை. அவங்க வீட்டு ஸ்பீக்கரில் பென் டிரைவ் போடலாம் என்றதால் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். இப்போதைக்கு அந்தப் பாட்டின் வெளியீடு அதுதான். ஒரே பிரதி.

கிளம்பும்போது அந்தப் பொண்ணு கேட்டா: "அண்ணா, கிட்டார் சத்தம் இல்லாம அப்பா பாடுறது மட்டும் தனியா கிடைக்குமா?"

கிடைக்கும். ஃபோர் டிராக்கில் குரல் நாலாவது கோட்டில் தனியாகத்தான் இருக்கு, பீட்டில்ஸுக்கு ஆன மாதிரி கம்ப்யூட்டர் வைத்துப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. 1996ல் திட்டமிட்டபடி திருவனந்தபுரம் போய் மிக்ஸ் பண்ணியிருந்தால், டேப்பைத் திரும்ப உபயோகிக்க அழித்திருப்பார்கள், நாலும் ஒன்றாகக் கலந்த பாட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். மற்ற மூணையும் மியூட் பண்ணிப் போட்டுக் காட்டினேன். முதல் வரிக்கு முன்னால் அவர் ரெண்டு தடவை இருமுகிறார். நடுவில் கிட்டார் மட்டும் வருகிற இடத்தில், கொஞ்சம் தள்ளி ஒரு பஸ் ஹாரன் கேட்கிறது, யாரோ "டீ ஆறுது" என்கிறார்கள், அவர் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு "வாறேன்" என்கிறார். அந்த இடத்தை மட்டும் அவள் மூணு தடவை போடச் சொன்னாள்.